ரேசுக்கு ஒரு சட்டம், ரோட்டுக்கு ஒரு சட்டமா?

முள்ளோடை எல்லையில் பல வருஷமாக ஒரு வேடிக்கை நடந்து வந்தது.

பாகூர் பக்கத்திலிருந்து கடலூருக்குப் போகிற மோட்டார் சைக்கிள்காரர் எல்லை வரைக்கும் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு போவார். எல்லை வந்ததும் எடுத்துத் தலையில் மாட்டுவார். மாலையில் திரும்பும்போது புதுவை மண்ணில் சக்கரம் பட்டதோ இல்லையோ, ஹெல்மெட் மறுபடியும் டாங்குக்கு இறங்கிவிடும்.

மண்டை அதே மண்டைதான். ரோடும் அதே ரோடுதான். கடலூரில் விழுந்தால் உடைகிற மண்டை கன்னியகோவிலில் விழுந்தால் உடையாதா?

"அந்தப் பக்கம் பிடிக்கிறாங்க, இந்தப் பக்கம் பிடிக்கலே." இதுதான் பதில்.

வில்லியனூர்க்காரர் கதை இன்னும் வேடிக்கை. விழுப்புரம் ரோட்டில் அரியூர் வரை புதுவை. கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருவாண்டார்கோவில் மறுபடியும் புதுவை. மதகடிப்பட்டு தாண்டினால் மீண்டும் தமிழ்நாடு. அரை மணி நேரப் பயணத்தில் ஹெல்மெட்டை எத்தனை தடவை கழற்றி மாட்டுவது?

ஹெல்மெட் என்பது தலைக்கு அல்ல, போலீசுக்கு என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவுக்கு வந்ததற்கு ஜனங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அப்படிப் பழக்கி விட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேகமே தொழிலானவர்கள்

ஹெல்மெட் விஷயத்தில் இன்னொரு கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்து வண்டி ஓட்டுகிற ரேஸ்காரர்கள்தான் அந்தக் கூட்டம்.

வில்லியனூரிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடலாம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. 1990 முதல் அங்கே மோட்டார் பந்தய மைதானம் இருக்கிறது. அதற்கு முன்னால் சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. அந்தக் காலத்தில் புதுவையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னும் காதில் அந்த இரைச்சல் கேட்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் 'டிராக் ரேஸ்' என்று ஒன்று உண்டு. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் பாய வேண்டும். சில நூறு மீட்டர் தூரம், சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். நூற்றுச் சொச்சம் சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டியிலிருந்து ஆயிரம் சி.சி.க்கு மேலுள்ள வண்டி வரைக்கும் தனித்தனிப் பிரிவு. பெங்களூர் ஹேமந்த் முத்தப்பா பல முறை தேசியப் பட்டம் வென்றது இந்தப் பந்தயத்தில்தான்.

அங்கே போட்டிக்கு வந்தவர் நேராக வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நிற்க முடியாது. முதலில் பரிசோதனை. வண்டியைப் பார்ப்பார்கள். பிறகு ஆளைப் பார்ப்பார்கள். தோல் உடுப்பு, கையுறை, பூட்ஸ், ஹெல்மெட். ஹெல்மெட் இருந்தால் மட்டும் போதாது. அதில் என்ன முத்திரை, எந்த வருஷத்து முத்திரை என்று புரட்டிப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் சாம்பியனாக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான்.

ரத்தத்தில் எழுதிய விதிகள்

இந்த விதிகள் யாரோ மேஜையில் உட்கார்ந்து எழுதியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி, அல்லது ஒரு சுடுகாடு இருக்கிறது.

டிராக் ரேசின் தாய்வீடு அமெரிக்கா. 1951-லேயே அங்கே இதற்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். டான் கார்லிட்ஸ் என்பவர் அந்தப் பந்தயத்தின் ராஜா. 1970 மார்ச் 8-ந் தேதி, கலிபோர்னியாவில் அவர் கிளப்பிய காரின் கியர் பெட்டி வெடித்தது. வலது பாதத்தில் பாதி போயிற்று. அந்தக் காலத்துக் கார்களில் எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் அதற்குப் பின்னால். கார்லிட்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே யோசித்தார். அடுத்த வருஷமே எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கார் செய்து, அதில் ஜெயிக்கவும் செய்தார். பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள்.

2008 ஜூன் 21-ந் தேதி ஸ்காட் கலிட்டா என்ற வீரர் நியூஜெர்சியில் இறந்தார். அதுவரை பெரிய கார்களுக்குக் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம். இரண்டே வாரத்துக்குள் அதை ஆயிரம் அடியாகக் குறைத்தார்கள். அந்த ஆயிரம் அடியையும் இன்று நாலு வினாடிக்குள் முடித்துவிடுகிறார்கள் என்பது வேறு சங்கதி. வில்லியனூர்த் தேரின் வடம் இறுகுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும்!

ஹெல்மெட் கதையும் இப்படித்தான். பீட் ஸ்னெல் என்ற கார் வீரர் 1956-ல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் பெயரில் 1957-ல் ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள். ஹெல்மெட்டை உயரத்திலிருந்து போட்டு மோதிப் பார்த்து முத்திரை கொடுப்பது அதன் வேலை. 2010, 2015, 2020, 2025 என்று சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை மாறுகிறது. புதிது வந்து சில வருஷம் ஆனதும் பழைய முத்திரை செல்லாக்காசு. இடுப்பையும் தோளையும் கட்டுகிற பட்டைக்கு இன்னும் கெடுபிடி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ரேஸ்காரர்கள் முணுமுணுக்காமல் இல்லை. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய ஹெல்மெட், ஒரு கீறல் கூட இல்லை, அதைத் தூக்கிப் போடு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கம்பெனிக்காரன் கொள்ளை அடிக்கிறான் என்று திட்டுவார்கள். திட்டிக்கொண்டே புதுசு வாங்குவார்கள்.

எந்தத் தேதியிலிருந்து எது செல்லாது என்று முன்கூட்டியே தெரிகிறது. அடுத்தவனுக்கும் அதே விதி. வாசலில் நின்று கெஞ்சினாலும் விடமாட்டார்கள், மந்திரிக்குப் போன் போட்டாலும் விடமாட்டார்கள். அதனால்தான் வாங்குகிறார்கள்.

இவ்வளவு செய்தும் சாவைத் தடுத்துவிட முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு உயிர் போயிற்று. ஜனவரியில் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ.குமார். ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூர்ச் சிறுவன் ஷ்ரேயாஸ் ஹரீஷ், வயது 13. இரண்டும் டிராக் ரேஸ் அல்ல, சுற்றுப் பந்தயங்கள். ஆம்புலன்சும் டாக்டரும் தயாராக நிற்கிற மைதானத்திலேயே இந்தக் கதி என்றால், கிருமாம்பாக்கம் ரோட்டில் குறுக்கே மாடு வந்தால் என்ன ஆகும்?

புதுவையில் நடந்த கூத்து

இனி புதுவைக்கு வருவோம்.

2017 மே 1-ந் தேதி முதல் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாள் பரபரப்பு. பிறகு சூடு ஆறிவிட்டது.

2019 பிப்ரவரியில் மறுபடியும் ஆரம்பித்தார்கள். அப்போதைய கவர்னர் கிரண்பெடி தானே ரோட்டில் இறங்கி, ஹெல்மெட் இல்லாதவர்களை நிறுத்தித் திருப்பி அனுப்பினார். ஹெல்மெட்டைப் போட்டு உடைத்துப் போராட்டமும் நடந்தது. தலையைக் காப்பாற்ற வந்த சாமான் தானே அடி வாங்கியது! பிப்ரவரி 13-ந் தேதி முதல்-அமைச்சர் நாராயணசாமி கறுப்பு உடையில் கவர்னர் மாளிகை முன்பு தர்ணாவில் உட்கார்ந்துவிட்டார். கோரிக்கைகள் பல. அதில் ஹெல்மெட் தகராறும் ஒன்று.

அதே வருஷம் அக்டோபரில் காமராஜ் நகர் இடைத்தேர்தல். முதல்-அமைச்சர் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் ஓட்டுக் கேட்டார். நடவடிக்கை எடுங்கள் என்றார் கவர்னர். 2017-ல் ராத்திரி நேரத்தில் ஸ்கூட்டரின் பின்னால் ஹெல்மெட் இல்லாமல் போனவர் யார் என்று பதிலுக்குக் கேட்டார் முதல்-அமைச்சர். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நடுவில் ஹெல்மெட் விதி அனாதையாக நின்றது.

கடைசியாக 2025 ஜனவரி 12-ந் தேதி முதல் கட்டாயம், மீறினால் ரூ.1000 என்று போக்குவரத்துப் போலீசார் அறிவித்தார்கள்.

எட்டு வருஷத்தில் மூன்று 'கட்டாயம்'. ஒரு தடவைக்கு மேல் 'கட்டாயம்' என்று சொன்னாலே முதல் தடவை கட்டாயம் இல்லை என்றுதானே அர்த்தம்? இத்தனைக்கும் ஹெல்மெட் போட வேண்டும் என்ற மத்திய சட்டம் 1988-லேயே வந்துவிட்டது. தமிழ்நாடும் இந்த விஷயத்தில் யோக்கியம் இல்லை. 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று ஆரம்பித்துத் தளர்ந்து, ஐகோர்ட்டு தலையிட்ட பிறகு 2015 ஜூலை 1 முதல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

யாருக்குத் தெரியும்?

விதி அப்படியே நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அது மாறிக்கொண்டே இருக்கிறது.

முன்பு ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் ரூ.100. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தச் சட்டம் அதை ரூ.1000 ஆக்கியது. லைசென்சும் மூன்று மாதத்துக்குச் செல்லாது. நாலு வயதுக்கு மேற்பட்ட எவரானாலும் ஹெல்மெட் வேண்டும். பின்னால் உட்காருகிற அம்மாவுக்கும் வேண்டும். தாடைப் பட்டையை இறுக்கி மாட்டியிருக்கவும் வேண்டும். பட்டை தொங்கினால் போடாத கணக்குத்தான்.

நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி விதி. 2023 பிப்ரவரி 15-ந் தேதி முதல் அமல். குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டை, குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட், 40 கிலோ மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. வில்லியனூர் மாதா கோவிலுக்கும் திருக்காமீசுவரர் கோவிலுக்கும் குடும்பத்தோடு ஒரே ஸ்கூட்டரில் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய்க் கேட்டால் அங்கே இருக்கும் குமாஸ்தாவுக்காவது தெரியுமா?

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2021 ஜூன் 1-ந் தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வண்டி ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஐ.எஸ். 4151 என்ற எண் அதில் இருக்க வேண்டும். முத்திரையின் கீழே லைசென்ஸ் எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். போலி விற்று மாட்டினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது குறைந்தது 2 லட்ச ரூபாய் அபராதம்.

ரோட்டோரத்தில் குடையைக் கட்டி, இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஹெல்மெட் விற்கிறவர் இதையெல்லாம் அறிந்தா விற்கிறார்? போலீஸ் கெடுபிடி என்று அறிவிப்பு வந்த மறுநாள் லாரியில் சரக்கு வந்து இறங்குகிறது. அவர் விற்கிறார். கூலி வேலைக்குப் போகிறவர் அபராதத்துக்குப் பயந்து வாங்குகிறார். உள்ளே தட்டிப் பார்த்தால் பெயருக்கு ஒரு பஞ்சு. அடியைத் தாங்குவது வெளி ஓடு அல்ல, உள்ளே இருக்கும் தடித்த தெர்மோகோல்தான். அது நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை பலமாக நசுங்கினால் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் தீர்ந்தது. தெர்மோகோல் இல்லாத ஹெல்மெட்டும் அடுப்படிச் சட்டியும் ஒன்று.

"நல்லது எழுநூறு எண்ணூறு சொல்றான் சார், ரெண்டு நாள் கூலி போயிடும்" என்கிறார்கள். நியாயமான பேச்சு. உயிர் காக்கிற சாமானுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வேர்க்குது, காது கேக்கலே, மார்க்கெட்டுல நிறுத்தினா எவனோ எடுத்துட்டுப் போறான்" என்கிறார்கள். அதுவும் பொய் இல்லை. சித்திரை வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை இட்லிப் பானைதான். ஆனால் 2022-ம் ஆண்டு மத்திய போக்குவரத்து அமைச்சகக் கணக்கைப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் நாட்டில் செத்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். வண்டியை ஓட்டினவர் கூட இல்லை! ஹெல்மெட் போட்டால் சாவு நூற்றுக்கு நாற்பது பங்கு குறையும், தலைக்காயம் எழுபது பங்கு குறையும் என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த டாக்டர்கள் 2008-ல் சொன்ன கணக்கு.

பாகூரில் அடிபட்டவரைக் கோரிமேடு ஜிப்மருக்குக் கொண்டு போக வேண்டுமானால் புதுவை நகரத்தையே தாண்டியாக வேண்டும். சாயங்கால நெரிசலில் அந்த வழி எப்படி இருக்கும் என்று தினம் பஸ்ஸில் வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ராத்திரி ரேஸ்

வாலிபர்கள் விஷயத்துக்கு வந்தால் வயிற்றைக் கலக்குகிறது. பைபாஸ் காலியாகக் கிடக்கிற நேரம். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. மூன்றாவது ஆள் கையைத் தூக்கி இறக்குகிறான். சைலன்சர் அலறுகிறது. இதுவும் டிராக் ரேஸ்தான். பரிசோதனை மட்டும் கிடையாது. தலையில் ஹெல்மெட் கிடையாது, காலில் ரப்பர் செருப்பு.

அனுமதி இல்லாமல் ரோட்டில் ரேஸ் விட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5000 வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுகிறவன் 18 வயது ஆகாத பையன் என்றால் அப்பா மாட்டிக்கொள்வார். ரூ.25,000 அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பிளஸ்-2 முடித்த பிள்ளைக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கிற தகப்பனார்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

வேகத்தில் ஆசை உள்ள பையனைத் திட்டி நிறுத்த முடியாது. அவனை இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போய் ஒரு நாள் அந்தப் பரிசோதனைக் கூடத்து வாசலில் நிறுத்தினால் போதும். தேசிய சாம்பியன் கூட ஹெல்மெட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்பதை அவன் கண்ணால் பார்க்கட்டும். பள்ளிக்கூடங்களில் போலீசார் நடத்துகிற நூறு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அது சமம்.

செய்ய வேண்டியது என்ன?

புதுவை அரசு முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயமா, இல்லையா? கட்டாயம் என்றால் பொங்கலுக்கும் கட்டாயம், தேர்தலுக்கும் கட்டாயம். கட்சிக் கொடி கட்டிய மோட்டார் சைக்கிள் ஊர்வலத்துக்கும் கட்டாயம். எம்.எல்.ஏ.வுக்குப் பின்னால் நூறு வண்டி ஹெல்மெட் இல்லாமல் போகும்போது சல்யூட் அடித்துவிட்டு, அடுத்த பத்தாவது நிமிஷம் சேதராப்பட்டுக் கம்பெனிக்குப் போகிற தொழிலாளியை ஓரங்கட்டினால் யார் மதிப்பார்கள்?

பிடிக்கிற வேலையை மேலிருந்து ஆரம்பிக்கட்டும். முத்திரை இல்லாத சரக்கை லாரியில் இறக்குகிற மொத்த வியாபாரியை முதலில் பிடிக்க வேண்டும். குடை கட்டி விற்கிற ஏழைக்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று தமிழில் அச்சடித்துக் கொடுத்து, கையிலிருக்கும் சரக்கைத் திருப்ப அவகாசமும் கொடுக்க வேண்டும். விதி மாறுகிறது என்றால் டில்லி கெஜட்டில் வந்ததோடு சரி என்று இருக்கக் கூடாது. கொம்யூன் பஞ்சாயத்து வாசலில் போர்டு, ரேஷன் கடையில் நோட்டீஸ், சந்தை நாளில் ஆட்டோவில் மைக். எந்தத் தேதி முதல் என்ன மாறுகிறது என்று மூன்று மாதம் முன்னாலேயே சொல்ல வேண்டும். ரேஸ்காரனுக்குக் கிடைக்கிற அவகாசம் ரேஷன் கார்டுக்காரனுக்கும் கிடைக்கட்டும்.

இதையெல்லாம் விடச் சுலபமான வழி ஒன்று சட்டப் புத்தகத்திலேயே தூங்குகிறது. புது மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ விற்கும்போது, ஐ.எஸ்.ஐ. தரத்தில் ஹெல்மெட்டையும் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 2025 ஜூனில் வந்த வரைவு அறிவிப்பில் அதை இரண்டாக்க வேண்டும் என்றார்கள், ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் உட்காருபவருக்கு ஒன்று. இரண்டு இருக்கட்டும், அந்த ஒன்றே எத்தனை பேர் கைக்கு வந்து சேர்கிறது? வண்டியைப் பதிவு செய்ய வருகிறபோது, "ஹெல்மெட் கொடுத்தார்களா, காட்டு" என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். வண்டி வாங்குகிறவரும் டெலிவரி எடுக்கும்போது மாலை, தேங்காய், எலுமிச்சம்பழத்தோடு ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கட்டும். அது இனாம் அல்ல, கொடுத்த காசில் சேர்ந்தது.